நிலம் நிலைச்சு நிற்குமா? நீங்களே பார்க்கலாம்



"போன போகத்தில் கேரட் நல்லா விளைஞ்சுது, விலையும் கிடைச்சுது. என் நிலத்துக்கு என்ன குறை?" என்று நீங்கள் கேட்கலாம். விளைச்சலை மட்டும் வைத்து நிலத்தை எடை போடக் கூடாது. கூடுதலாக உரம் போட்டு விளைச்சலைக் காட்டிவிடலாம். போன மண் திரும்ப வராது. நீலகிரிச் சரிவில் பயிரிடுகிறவர்கள் வருஷந்தோறும் மூன்று விஷயங்களைப் பார்க்கணும்.

முதலாவது, மழைத் தண்ணீர். கனமழையின்போது தோட்டத்தின் கடைசி வாய்க்காலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். அடியில் தங்குவது உங்கள் மேல்மண். காசு கொடுத்துப் போட்ட உரமும் அதோடுதான் போகிறது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் கரைந்தாலே சுமார் 5 டன் நஷ்டம். அது குந்தா, எமரால்டு அணைகளில் வண்டலாகப் படிகிறது.

இதற்கு என்ன செய்யணும்? பாரை மேலிருந்து கீழாக இழுக்காதீர்கள்; சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். படிமட்டம் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கட்டும். அங்கே சேரும் தண்ணீர் ஓரக் கால்வாய் வழியே வடியணும். தேங்கி ஊறினால் சரிவே இறங்கிவிடும். 2009 நவம்பர் பெருமழையில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டதை மறக்க முடியுமா?

இரண்டாவது, பயிர் மாற்றம். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. இதன் முட்டைகள் பல வருஷம் மண்ணில் உயிரோடு கிடக்கும். கிழங்கு வேர் வந்ததும் பொரிக்கும். ஆகவே கிழங்குக்குப் பின் கிழங்கு வேண்டாம். நடுவே கோஸ், கேரட், பீன்ஸ் என்று மாற்றுங்கள். குப்ரி சுவர்ணா போன்ற எதிர்ப்புள்ள ரகங்களும் உண்டு.

மூன்றாவது, மண்ணின் புளிப்பு. நம் மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், காய்கறிக்கு ஆகாது. மண் பரிசோதனை செய்து, சொன்ன அளவு சுண்ணாம்பு இடுங்கள். தொழு உரத்தை நிறுத்த வேண்டாம்.

"பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, பிடுங்கிட்டுக் கேரட் போடலாமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அடர்ந்த தேயிலை, மழை அடியைத் தன் இலையில் வாங்கி மண்ணைக் காக்கிறது. செங்குத்தான சரிவில் அதைப் பிடுங்கினால், நாலு போகம் லாபம் வரலாம். அதன்பின் பாறைதான் மிஞ்சும்.

இந்த மழைக்கே பாட்டிலை எடுத்து வையுங்கள். அடியில் மண் தங்கினால், அடுத்த மழைக்குள் மண்வெட்டியை எடுங்கள்.