'ஸ்கூல்' என்னும் சொல்

மாணவர் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'ஸ்கூல்' என்பது ஒன்று. அதைக் கேட்ட அளவில் மணியோசையும் வீட்டுக்கணக்கும் பரீட்சையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அச்சொல்லின் பிறப்பை ஆராயப் புகுந்தால், அதன் முதற்பொருள் 'ஓய்வு' என்று அறிந்து வியப்படைவோம்.

பண்டைக் கிரேக்க மொழியில் 'ஸ்கோலே' என்பது வேலையினின்றும் விடுபட்ட நேரத்தைக் குறித்தது. அலுவலைக் குறிக்க அம்மொழியினர் 'அஸ்கோலியா', அதாவது 'ஓய்வின்மை' என்றனர். ஓய்வாவது சோம்பல் அன்று. ஓய்வு நேரத்தில் அவர்கள் கூடிப் பேசினர், வாதிட்டனர், உண்மையை ஆராய்ந்தனர். ஆகவே அச்சொல் நாளடைவில் அந்த ஆராய்ச்சியையும், பின்னர் அது நிகழும் இடத்தையும் குறிக்கலாயிற்று. இலத்தீனில் 'ஸ்கோலா' என வழங்கி, அதன் வழியே ஆங்கிலத்திற் புகுந்தது. பிரெஞ்சுக்காரரின் 'எக்கோல்', ஜெர்மானியரின் 'ஷூலே' ஆகியனவும் அதன் உடன்பிறப்புக்களே. ஒரே கொள்கையுடைய அறிஞர் குழுவையும் 'ஸ்கூல்' என்பதுண்டு. மீன் கூட்டத்தைக் குறிக்கும் 'ஸ்கூல்' மட்டும் டச்சு மொழியினின்றும் வந்தது. ஒலி ஒன்றாயினும் குலம் வேறு.

இனி, அந்த ஓய்வு யாருக்குக் கிட்டியது என்று கேட்க வேண்டாவா? ஓய்வு பெறுவதற்காகவே உழைக்கிறோம் என்றார் அரிஸ்டாட்டில். ஆயின், அவர் காலத்துக் கிரேக்க நாட்டில் உழைத்தவர் ஒருவர். ஓய்ந்திருந்து கற்றவர் மற்றொருவர். அடிமைகளின் உழைப்பே பலருடைய கல்விக்கு விலையாயிற்று.

நெடுங்காலம் கழித்து, அச்சொல்லைத் தனதாக்கிக் கொண்ட இங்கிலாந்திலும் அந்நிலை தொடர்ந்தது. ஏழைச் சிறுவர் நெசவாலைகளில் நாளெல்லாம் உழைத்தனர். 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 9 வயது முதல் 13 வயதுக்குட்பட்ட ஆலைச் சிறுவரின் வேலையை நாளொன்றுக்கு 9 மணி நேரமாகக் குறைத்து, 2 மணி நேரம் கல்வி பெற வேண்டும் என விதித்தது. 5 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகள் பள்ளிக்குச் செல்வது 1880-இல் கட்டாயமாயிற்று. வேலையினின்றும் நேரத்தை மீட்ட பிறகே அக்குழந்தைகளுக்குக் கல்வி கிட்டியது. 'ஸ்கோலே' என்ற சொல்லின் பழம்பொருள் ஆலை வாயிலில் மெய்யாயிற்று.

நாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும், வேறொருவர் நமக்காக உழைத்து ஈட்டித் தந்த ஓய்வேயாகும். அதனை வீணாக்காமல் சிந்தனைக்குச் செலவிடுவோமாயின், அச்சொல்லின் பொருளை உணர்ந்தவராவோம்.