பனிக்காலப் பூஜைக்குப் பவழமல்லி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே அமைந்துள்ள திருத்தலம் வாசுதேவநல்லூர். இங்குள்ள சிந்தாமணிநாதர் கோயிலில் இறைவன் அர்த்தநாரீஸ்வரத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். அம்மையும் அப்பனும் ஓருருவாய் அருள்பாலிக்கும் சந்நிதியில் நிற்பவருக்கு நினைவுக்கு வரத்தக்க மலர் ஒன்று உண்டு. வெண்ணிற இதழும் செம்பவழக் காம்பும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதிருக்கும் பவழமல்லியே அது.

வடமொழியில் இதனைப் பாரிஜாதம் என்பர். பாற்கடலைக் கடைந்தபோது தோன்றிய தேவதரு என்றும், சத்தியபாமாவின் பொருட்டுக் கண்ணபிரான் இந்திரலோகத்திலிருந்து துவாரகைக்குக் கொணர்ந்தது என்றும் புராணம் கூறும். பாமாவின் தோட்டத்தில் நட்ட மரம் ருக்மிணியின் முற்றத்தில் பூச்சொரிந்ததாகச் செவிவழிக் கதையும் உண்டு. திருவாரூர் மாவட்டத்துத் திருக்களரில் இறைவனின் திருநாமமே பாரிஜாதவனேஸ்வரர். மேற்கு வங்கத்தில் இது மாநில மலர். 2020 ஆகஸ்ட் 5 அன்று அயோத்தியில் ஸ்ரீராமர் ஆலய பூமிபூஜையின்போது நடப்பட்டதும் பாரிஜாதக் கன்றே.

உதிர்ந்த மலர் ஆகுமா?

மண்ணில் வீழ்ந்த மலரைப் பூஜைக்கு எடுத்தலாகாது என்பது பொது விதி. பவழமல்லிக்குப் பெரியோர் விலக்கு அளித்துள்ளனர். இம்மலர் அந்தி சாய்ந்தபின் விரிந்து, இரவெல்லாம் மணம் வீசி, கதிரவன் எழுமுன் தானே உதிர்ந்துவிடும். பறிப்பதற்குக் காத்திராமல் தன்னைத் தானே அர்ப்பணிக்கும் மலரைத் தள்ளிவைப்பது எங்ஙனம்? எனினும் மரத்தடியைத் தூய்மையாகப் பெருக்கி, இரவிலேயே வெள்ளைத் துணி ஒன்றை விரித்துவைப்பது நலம். விடியலில் துணியின் நான்கு மூலைகளையும் சேர்த்து எடுத்தால், முழங்கால் வலியுள்ள முதியோரும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதில்லை. வெயில் ஏறினால் மலர் வாடிவிடுமாதலால் காலைப் பூஜைக்கே உரியது.

வளர்க்கும் முறை

பனி மிகுந்த மார்கழியில் குண்டுமல்லியின் விளைச்சல் குறைந்து, விலை ஏறிவிடும். வீட்டில் பவழமல்லி இருந்தால் புரட்டாசி முதல் மார்கழி வரை அர்ச்சனைப் பூவுக்குக் கவலையில்லை.

தட்டையான காயினுள் இரு விதைகள் இருக்கும். நன்கு முற்றிப் பழுப்பேறிய காயிலிருந்து எடுத்த விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில் விதைக்கலாம். முற்றாத இளங்கிளையைப் போத்தாக நட்டும் வளர்க்கலாம். விதைக்கன்றைவிட இது விரைவில் பூக்கும். ஆடி, ஆவணியில் குழியில் நட்டுவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் வேர் பிடித்துவிடும். தென்காசிச் சீமையின் செம்மண்ணில் நன்கு வளரும். கரிசல் நிலமாயின் குழியில் மணலும் எருவும் கலப்பது அவசியம். வேரில் நீர் தேங்கினால் செடி அழுகிவிடும் என்பதால் மழைக்காலத்தில் வடிகால் வேண்டும். நாளில் பாதிப்பொழுதேனும் வெயில் படும் இடமே ஏற்றது. நிழலில் இலைதான் தழைக்கும்.

புதிய தளிர்க் கிளைகளிலேயே பூ மிகுதியாக வரும். ஆகவே தை மாதம் பூ ஓய்ந்ததும் கிளைகளைக் கத்தரித்து, எரு இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். கத்தரித்து வளர்த்தால் தலைக்கு மேல் உயராத புதராகவே நிற்கும். முற்றமெல்லாம் சிமெண்ட் போட்ட வீடுகளில் பெரிய தொட்டியில், மாடியிலும் வளர்க்கலாம். சொரசொரப்பான இதன் இலை சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் பயன்படுகிறது. மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளலாகாது.

வீட்டுப் பூஜைக்கான பூவைக் கடையில் வாங்குவதே இன்று பெரும்பாலான குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. பூச்செடியை அறியாமலே பேரக்குழந்தைகள் வளர்கின்றனர். விடியற்காலையில் தாத்தாவும் பாட்டியும் துணியின் இரு முனைகளைப் பிடிக்க, மற்ற இரு முனைகளைக் குழந்தைகள் பிடித்துப் பூவைச் சேர்க்கும் இல்லத்தில், பக்தி தனியே கற்பிக்கப்பட வேண்டியதில்லை. இன்று நடும் கன்று, நட்டவர் இல்லாத மார்கழியிலும் இறைவன் திருவடிக்குப் பூச்சொரிந்துகொண்டிருக்கும்.