கழுவக் கொடுத்த கால்கள்

இயேசு கிறிஸ்து தம் மரணத்துக்கு முந்திய இரவில் சீஷர்களோடு பந்தியமர்ந்த வரலாற்றைச் சுவிசேஷகர் நால்வரும் எழுதியிருக்க, அவர்களுள் மூவர் அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்தளிக்கப்பட்டதைக் கூறும் இடத்தில், யோவான் மட்டும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், குருவானவர் பந்தியை விட்டெழுந்து, மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, அரையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீஷர்களின் பாதங்களைக் கழுவத் தொடங்கியதை எழுதுகிறார். நற்கருணைக்கு உரிய ஸ்தானத்தில் அவர் இந்தச் செய்கையை வைத்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்குவதன் பொருள் என்னவென்று நம் நாட்டு வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ தலைமுறைகள் அந்த ஒரு முழத் துணியின் இடமாற்றத்திலேயே தங்கள் மானத்தை இழந்து நின்றிருக்கின்றன. எபிரேய அடிமையைக்கூட எஜமானனின் கால் கழுவுமாறு ஏவலாகாது என்று யூத குருமாரின் பழைய வியாக்கியானம் ஒன்று விதிக்கிறதென்றால், அந்த வேலை எவ்வளவு இழிந்ததாகக் கருதப்பட்டது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மேலும், வஸ்திரத்தைக் கழற்றி வைத்ததற்கும் பின்னர் எடுத்து உடுத்துக்கொண்டதற்கும் யோவான் ஆளும் கிரேக்க வினைச்சொற்கள், நல்ல மேய்ப்பன் தன் உயிரைக் கொடுப்பதையும் அதை மீண்டும் எடுத்துக்கொள்வதையும் பற்றிப் பத்தாம் அதிகாரத்தில் அவர் ஆண்ட அதே சொற்கள்தாம். மறுநாள் சிலுவையில் நிகழவிருந்தது அந்த மேலறையில் ஒரு மேலாடையின் அளவில் முன்னதாகவே நிகழ்ந்துவிட்டது.

ஆயினும், இவ்வளவையும் எடுத்துக்காட்டிப் பாதம் கழுவுதல் தாழ்மையின் பாடம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்பது என் துணிபு. அதற்குச் சில நாட்களுக்கு முன், பெத்தானியாவில், மரியாள் என்னும் பெண் விலையேறப்பெற்ற நளதத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசித் தன் கூந்தலால் துடைத்தாள். அங்கே அவளுடைய செய்கைக்கு வரும் 'துடைத்தல்' என்ற அதே கிரேக்கச் சொல்லே, அடுத்த அதிகாரத்தில் இயேசு துண்டால் துடைத்ததற்கும் வருகிறது. முந்நூறு பணம் பெறும் தைலம் வீணாயிற்றே என்று, பின்னர் அவரைக் காட்டிக்கொடுத்த சீஷனாகிய யூதாஸ் கடிந்துகொண்டபோது இயேசு தம் காலை இழுத்துக்கொள்ளவில்லை; அவளை விட்டுவிடும்படி சொன்னார். பிறர் பாதங்களைக் கழுவியவர், அதற்கு முன்பே தம் பாதங்களைப் பிறரிடம் கொடுத்தவர்.

சீஷர்களுள் ஒருவரான பேதுருவுக்கு இயலாமற் போனது இதுதான். குருவின் பாதங்களைக் கழுவு என்றால் அவர் மறுமொழி பேசாமல் செய்திருப்பார். தம் பாதங்கள் குருவின் கையில் இருப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கழுவாவிட்டால் உனக்கு என்னிடத்தில் பங்கில்லை என்ற கருத்துப்பட இயேசு கூறிய பிறகே அவர் இசைந்தார். இசைந்ததும் கையையும் தலையையும் கூடக் கழுவச் சொல்லி மறுபக்கம் பாய்ந்தார். கொடுப்பவனாக இருக்கும்போது மனிதன் எவ்வளவு பணிந்தாலும் அவனுக்குள் ஒரு மேன்மை ஒளிந்திருக்கக் கூடும். பெறுகிறவனாக இருக்கும்போது அந்தப் புகலிடமும் பறிபோகிறது. யூதாஸோ ஒன்றும் மறுத்ததாக எழுதப்பட்டிருக்கவில்லை. அவன் பந்தியை விட்டு இரவில் வெளியேறியது கழுவுதல் முடிந்த பின்னரே. ஆகவே அவனுடைய கால்களும் கழுவப்பட்டே இருக்க வேண்டும்.

சபையின் சரித்திரத்தில் பாதம் கழுவும் சடங்கு ஒரே நேர்கோட்டில் வந்ததன்று. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் எல்விரா சங்கம் ஞானஸ்நானம் பெறுவோரின் பாதங்களைக் குருமார் கழுவலாகாது என்று தடுக்க, அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோசு, ரோமாபுரியில் இவ்வழக்கம் இல்லை என்பதை அறிந்திருந்தும், ஆதி மனிதனைச் சர்ப்பம் வீழ்த்தியது காலில் அன்றோ என்று வாதித்துத் தம் சபையின் சம்பிரதாயத்தை நிலைநிறுத்தினார். ஆசீர்வாதப்பர் தம் மடங்களுக்கு வகுத்த ஒழுங்கிலோ, அது அடுக்களைக்கே வந்துவிடுகிறது: வாரச் சமையற்பணியை முடிக்கிறவரும் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும்.

அரண்மனைகளுக்குள் சென்றபோது இச்சடங்கு தன் உயிரை இழந்தது. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி 1573-இல் கிரீனிச்சில், தம் வயதின் எண்ணிக்கைப்படி 39 ஏழைப் பெண்களின் பாதங்களைக் கழுவினார். ஆனால் அதற்கு முன் சலவைப் பணியாளர் ஒருமுறையும் தர்மாதிகாரிகள் இருவர் ஆளுக்கு ஒருமுறையும் அவற்றைக் கழுவியிருந்தார்கள். அரசியின் கையில் ஒரு தூசியும் படவில்லை.

நான் பெரிதும் மதிப்பது சகோதர சபையாரின் முறையை. 1708-இல் ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸெனாவில் எட்டுப் பேர் ஏடர் நதியில் ஞானஸ்நானம் பெற்றுத் தொடங்கி, பின்னர் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்த அச்சபையார், அன்பின் விருந்து என்று தாங்கள் அழைக்கும் ஆராதனையில், உணவுக்கும் நற்கருணைக்கும் முன்பாக, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாக அமர்ந்து ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவுகிறார்கள். கழுவப்பட்டவர் எழுந்து, அதே துண்டை அரையில் கட்டிக்கொண்டு, அடுத்தவர்முன் குனிகிறார். ஒருவரே கழுவித் துடைப்பதா, ஒருவர் பலருக்குக் கழுவ மற்றொருவர் துடைப்பதா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் கடுமையாகத் தர்க்கித்ததை அற்ப விவகாரம் என்று நான் எண்ணவில்லை. கழுவப்படாதவர் ஒருவரும் கழுவாதவர் ஒருவரும் அந்த வரிசையில் இருக்கலாகாது என்ற கவலையே அந்தத் தர்க்கத்தின் வேர்.

கத்தோலிக்கத் திருச்சபையில், 1955-ஆம் ஆண்டின் சீர்திருத்தம் இச்சடங்கைப் பெரிய வியாழனின் மாலைத் திருப்பலிக்குள்ளேயே சேர்த்தது. போப்பாண்டவர் பிரான்சிஸ் 2013-இல் ரோமாபுரியின் இளங்குற்றவாளிகள் சிறையில் பெண்கள் உட்படப் பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார்; 2016-இல், ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த விதியே மாற்றப்பட்டது.

நம் ஊர் ஆலயங்களில் அந்த மாலையில் பீடத்தின்முன் அமரும் பன்னிருவரும், பெரும்பாலும், வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள். அழுக்கைக் காட்டக் கூசும் அந்தக் கூச்சம் பேதுருவின் கூச்சமேயன்றி வேறன்று. ஒருமுறை, ஆயுள் முழுதும் வயலில் நின்று பாளம் பாளமாக வெடித்த பாதங்களையுடைய முதியவர் ஒருவர், குருவானவர் செம்போடு தம்முன் முழந்தாளிட்டதும், சட்டென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். குருவானவர் ஒன்றும் சொல்லவில்லை. இடக்கையை ஏந்தியபடியே காத்திருந்தார். பாடற்குழு ஒரு பாட்டை முடித்து மறுபாட்டைத் தொடங்கிய பிறகுதான், அந்தக் கால் மெல்ல, விரல் விரலாக, வெளியே வந்தது.