சோழர் எங்கே போனார்கள், மாமா?

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் கணினி முன்னால் இருந்து கூப்பிட்டான். "மாமா, இங்க வாங்க! கேம்ல நம்ம சோழர் இருக்காங்க!"

போய்ப் பார்த்தேன். 'சிவிலைசேஷன் 7'. ஆதிகாலத்தில் ஒரே ஓர் ஊரோடு தொடங்கி, உழவு, கப்பல், பீரங்கி என்று வளர்த்து, ஒரு மக்களை நவீன காலம் வரை கொண்டுவரும் வியூக விளையாட்டு. மௌரியராகத் தொடங்கியவன் இரண்டாம் காலகட்டத்தில் சோழரைத் தேர்ந்தெடுத்திருந்தான். அவர்களுடைய கப்பலுக்குப் பெயர் 'கலம்'. அவர்கள் மட்டுமே கட்டக்கூடிய கட்டடங்கள் இரண்டு: அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். தஞ்சைப் பெரிய கோயில்கூட உலக அதிசயங்களில் ஒன்றாக இருக்கிறது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இரண்டு மணி நேரம் கழித்து முகம் வாடி வந்து நின்றான். "சோழர் எங்க போனாங்க, மாமா?"

மூன்றாம் காலகட்டம் வந்துவிட்டது. வேறு மக்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது விளையாட்டு. முகலாயர் இருக்கிறார்கள், சயாம் இருக்கிறது, பிரான்சு இருக்கிறது. சோழர் இல்லை. அவன் கட்டிய மணிக்கிராமம் அங்கேயே நிற்கிறது. கட்டியவர்களின் பெயர்தான் போய்விட்டது.

கெடாவில் வளர்ந்த பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடாரம் என்பது நம் மண். ராஜேந்திர சோழனின் கடற்படை இங்கே வந்தது 1025இல். இந்த விளையாட்டு வெளியானது 2025 பிப்ரவரியில், சரியாக ஆயிரம் ஆண்டு கழித்து. மணிக்கிராமத்தாரும் கற்பனை இல்லை. நமக்கு வடக்கே, தென் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் அந்த வணிகக் குழுவின் பெயர் இருக்கிறது.

*அண்ணனின் கோபம்*

இந்தத் தொடர் எனக்கு அறிமுகமானது பாடாங் மேஹாவில். அண்ணன் பழைய கணினி ஒன்று வாங்கி 'சிவிலைசேஷன் 3' போட்டார். அவர் ஆடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்ப்பேன். வெளியே செம்பனை, உள்ளே ரோமாபுரி. "இன்னும் ஒரே ஒரு முறை" என்று சொல்லிச் சொல்லியே அம்மாவிடம் இருவரும் திட்டு வாங்கியிருக்கிறோம்.

சிட் மையர் உருவாக்கிய முதல் 'சிவிலைசேஷன்' 1991இல் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பாகமும் எதையாவது மாற்றியிருக்கிறது. 2001இல் வந்த மூன்றாம் பாகம் கலாசாரத்தால் எல்லையை விரிக்க வைத்தது. 2005இன் நான்காம் பாகம் மதங்களைக் கொண்டுவந்தது. 2016இன் ஆறாம் பாகத்தில் நகரம் ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்து நிலமெங்கும் பரந்தது.

பெரிய அதிர்ச்சி 2010இன் ஐந்தாம் பாகம். சதுரக் கட்டங்கள் அறுகோணமாயின. ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்று விதி வந்தது. இருபது படைகளை ஒன்றாக அடுக்கி எதிரி நகரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது அண்ணனின் பழக்கம். "விளையாட்டைக் கெடுத்துட்டானுங்க" என்று ஆறு மாதம் தொடவே இல்லை. பிறகு ஒருநாள் ஆடிப் பார்த்தார். மலைக்கணவாயில் இரண்டு வில்லாளர்களை நிறுத்தி ஒரு பெரும்படையைத் தடுத்தபோது சமாதானமாகிவிட்டார். அதே பாகத்தில் கோலாலம்பூர் ஒரு தனி நகர அரசாக வருவதைப் பார்த்ததும் கோபம் முழுதாகவே போய்விட்டது.

இந்தத் தொடரைத் தயாரிக்கும் ஃபிராக்சிஸ் நிறுவனத்தில் ஒரு கணக்கு உண்டு. புதிய பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பழையது அப்படியே இருக்க வேண்டும், ஒரு பங்கு செம்மையாக வேண்டும், ஒரு பங்கு முற்றிலும் புதிதாக வேண்டும். நல்ல கணக்குதான். ஆனால் எந்தப் பங்கைத் தொடக்கூடாது என்பதை அது சொல்வதில்லை.

*எது விதி, எது வாக்குறுதி?*

ஏழாம் பாகத்தில் அந்தத் தொடக்கூடாத இடத்தில்தான் கை வைத்தார்கள் என்று நினைக்கிறேன். ஆட்டம் மூன்று காலகட்டங்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் உங்கள் மக்கள் வேறு மக்களாக வேண்டியிருந்தது. ஸ்டீம் தளத்தில் பழைய ரசிகர்களே கடுமையாக விமர்சித்தார்கள். விமர்சனங்களின் ஒட்டுமொத்த நிலை 'கலவையானது' என்றே வந்தது.

தயாரித்தவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பாதி ஆட்டத்திலேயே யார் வெல்வார் என்று தெரிந்துவிடுவதால் பலர் கடைசிவரை ஆடுவதில்லை. காலகட்டம் மாறும்போது எல்லாரையும் கொஞ்சம் சமமாக்கினால் ஆர்வம் கூடும். வரலாறு அடுக்கடுக்காகக் கட்டப்படுவது என்பதும் அவர்களின் வாதம். அதை நாம் மறுக்க முடியாது. பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள், கெடா சுல்தான்கள், வெள்ளைக்காரனின் பால்மரத் தோட்டம், அதன் மேல் செம்பனை, 1996இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா. கெடாவே ஓர் அடுக்குதான்.

ஆனால் அந்த அடுக்குகளில் வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக மாறவில்லை. பால் வெட்டியவரின் பேத்தி இன்று தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கலாம். வேலை மாறியது, வீடு மாறியது, பேசும் மொழியில்கூடப் பாதி மாறியிருக்கும். அவள் இன்னாரின் பேத்தி என்பது மாறவில்லை.

கட்டம் சதுரமா, அறுகோணமா என்பது விதி. விதியை மாற்றலாம். அண்ணனைப் போலத் திட்டிவிட்டுப் பழகிக்கொள்வோம். 'நீ தொடங்கிய மக்களை நீயே கடைசிவரை கொண்டுபோகலாம்' என்பது விதி இல்லை, வாக்குறுதி. அதை நம்பித்தான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த விளையாட்டை வாங்கினார்கள்.

எதையுமே மாற்றக்கூடாது என்று சொல்லவில்லை. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' வந்தது 1999இல். அடித்தளத்தை அசைக்காமல் படத்தையும் ஒலியையும் புதுப்பித்து 2019இல் மீண்டும் வெளியிட்டார்கள். 2022இல் திராவிடர்களைச் சேர்த்தார்கள். உருமி வீரர்கள், திரிசடைக் கப்பல், ராஜேந்திரனின் படையெடுப்பையே ஆடிப் பார்க்கும் தொடர் எல்லாம் வந்தன. பழைய வீட்டில் புது அறை கட்டியது போல. இன்றும் அதை விரும்பி ஆடுகிறார்கள். அறை கட்டுவதற்காக யாரும் வீட்டுக்காரரை வெளியே அனுப்பவில்லை.

ஃபிராக்சிஸுக்கும் இது புரிந்திருக்கிறது. ஒரே மக்களோடு மூன்று காலகட்டங்களையும் கடக்கும் வழியைச் சோதித்து வருவதாக 2025 இறுதியில் அறிவித்தார்கள்.

நம் ஊர்ப் பக்கம் தோட்டம் விற்கப்பட்டு, பள்ளி பட்டணத்துக்கு இடம் மாறியிருக்கும். புதுக் கட்டடம், புதுக் கணினி அறை, புதுப் பாடத்திட்டம். ஆனால் பெயர்ப்பலகையில் 'லாடாங்' என்ற சொல் அப்படியே இருக்கும். சுற்றுமுற்றும் ஒரு பால்மரம்கூட இருக்காது. அதை எடுத்துவிடலாமே என்று யாரும் கேட்பதில்லை. எதை மாற்றலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மருமகன் விடுமுறை முடிந்து போய்விட்டான். அவன் சேமித்துவைத்த ஆட்டம் என் கணினியில் இருக்கிறது. திறந்து பார்த்தேன். மூன்றாம் காலகட்டத்துக்குப் போகவே இல்லை. சோழர் காலம் முடிய இன்னும் ஒரே ஒரு முறை இருக்கும்போது நிறுத்தி வைத்திருக்கிறான்.