பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடப் போறீங்களா? டயல்-அப் மோடம் கதையை முதலில் படியுங்கள்

2025-ல் இரண்டு வார இடைவெளியில் இரண்டு விஷயங்கள் முடிவுக்கு வந்தன. செப்டம்பர் 30-ல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தனது டயல்-அப் இணையச் சேவையை நிறுத்தியது. அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது.

முதல் செய்தியைப் படித்துவிட்டுக் கடந்துவிடலாம். இரண்டாவது நம் வீட்டு அலமாரி வரை வருகிறது. டிபிஎம் 2.0 வசதி இல்லாத லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ முடியாது. சென்னையில் வேலை, திருத்தணி, நகரி தாண்டி புத்தூரில் வீடு என்று இருப்பவர்கள், தங்கள் பழைய லேப்டாப்பைத் தம்பி, தங்கை படிப்புக்காக ஊரில் விட்டு வைத்திருப்பார்கள். 'லினக்ஸ் போட்டுட்டா இன்னும் சில வருஷம் ஓடுமே?' என்ற கேள்வி இப்போது வருகிறது.

ஓடும். ஆனால் லினக்ஸ் போட்டதும் இணையம் வருமா? 20 வருடங்களுக்கு முன்பு டயல்-அப் மோடத்தோடு மல்லுக்கட்டியவர்கள் கேட்டதும் இதே கேள்விதான்.

மோடம் என்ன செய்தது?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. டெலிபோன் லைன்தான் வழி. அந்த லைன் மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். கணினியின் 0, 1-களை அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாற்றி அனுப்புவதும், வருகிற ஒலியைத் திரும்ப 0, 1 ஆக்குவதும் மோடத்தின் வேலை. இணைப்பு கிடைக்கும்போது கேட்ட அந்தக் கீச்சுச் சத்தம், எந்த வேகத்தில் பேசலாம் என்று இரண்டு மோடம்கள் பேசி முடிவு செய்ததுதான்.

லினக்ஸில் ஏன் வேலை செய்யவில்லை?

மேசை மேல் தனியாக வைக்கும் மோடத்துக்குள் அதற்கென்று சொந்தமாக ஒரு பிராசஸர் இருந்தது. 'இந்த நம்பரைச் சுழற்று' என்று கட்டளை கொடுத்தால் போதும், எந்த ஆபரேட்டிங் சிஸ்டமாக இருந்தாலும் ஓடும்.

1990-களின் பிற்பகுதியில் செலவைக் குறைக்க ஒரு குறுக்குவழி பரவியது. மோடத்தின் மூளையை எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கணினியின் பிராசஸரிடமே கொடுத்தார்கள். லேப்டாப்புக்குள் மிஞ்சியது டெலிபோன் லைனோடு இணைக்கும் ஒரு சின்ன அட்டை. மீதி எல்லாம் மென்பொருள். அந்த மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. 'வின்மோடம்' என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான்.

சிப் எப்படி இயங்குகிறது என்ற விவரங்களை நிறுவனங்கள் வெளியிடவில்லை. அதனால் லினக்ஸ் தன்னார்வலர்களால் டிரைவரைச் சுலபமாக எழுதவும் முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பில் ஒரு பாகம் சும்மா கிடந்தது.

எப்படி ஓட வைத்தார்கள்?

முதல் படி, சிப் யாருடையது என்று கண்டுபிடிப்பது. லேப்டாப்பின் மேல் இருக்கும் பிராண்ட் பெயர் இதற்கு உதவாது. உள்ளே இருப்பது லூசென்ட், கோனெக்சன்ட், ஸ்மார்ட்லிங்க், இன்டெல் என்று யாருடையதாகவும் இருக்கலாம். 'எல்எஸ்பிசிஐ' கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, அந்தச் சிப்புக்கான டிரைவர். கிடைத்தவற்றில் பல, பாதி திறந்த நிரல், பாதி பூட்டி வைத்த கோப்பு. கெர்னலை மாற்றினால் டிரைவரை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

மூன்றாவது, 'டபிள்யூவிடயல்' போன்ற மென்பொருளில் டயல் எண், பயனர் பெயர், கடவுச்சொல் கொடுப்பது. 'டயல் டோன் இல்லை' என்று வந்தால் 'ஏடிஎக்ஸ்3' என்ற கட்டளையைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு நாட்டிலும் டயல் டோன் வேறு மாதிரி. டோனுக்குக் காத்திருக்காமல் நேராக எண்ணைச் சுழற்று என்று அதற்கு அர்த்தம்.

பெரிய சிக்கல் வேறு. டிரைவரை டவுன்லோடு செய்யவே இணையம் வேண்டும்! விண்டோஸுக்குத் திரும்பிப் போய் எடுக்கணும், இல்லன்னா பிரவுசிங் சென்டருக்குப் போகணும். 56 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 7 கிலோபைட். 700 எம்பி லினக்ஸ் சிடியை அதில் இறக்க, லைன் ஒருமுறைகூட அறுந்து போகாவிட்டாலும் சுமார் 28 மணி நேரம் ஆகும்.

டிரைவருக்கும் காசா?

ஆமாம். கனடாவின் லினக்ஸன்ட் நிறுவனம் கோனெக்சன்ட் சிப்புகளுக்கு டிரைவர் கொடுத்தது. இலவசப் பதிப்பின் வேகம் 14.4 கேபிபிஎஸ் மட்டுமே. முழு வேகத்துக்குக் கட்டணம்.

2004-ல் அந்த டிரைவர் ஒரு சர்ச்சையில் சிக்கியது. ஒரு டிரைவரின் உரிமம் திறந்த மூல வகையா என்று லினக்ஸ் கெர்னல் பார்க்கும். லினக்ஸன்ட் 'ஜிபிஎல்' என்று எழுதி, உடனே 'வரி இங்கே முடிகிறது' என்ற குறியையும் போட்டு, நிபந்தனைகளை அதற்குப் பின்னால் எழுதியிருந்தது. கெர்னல் 'ஜிபிஎல்' வரை மட்டும் படித்துவிட்டு நம்பியது. கெர்னல் உருவாக்குநர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எச்சரிக்கைச் செய்திகள் திரும்பத் திரும்ப வந்து பயனர்களைக் குழப்பாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கியது.

இப்போது என்ன செய்ய வேண்டும்?

மோடம் போய்விட்டது, அந்த இடத்தில் வைஃபை சிப் இருக்கிறது. இன்டெல் சிப்புகள் பெரும்பாலும் தொல்லை தராது. பழைய பிராட்காம் சிப்புகளில் சிலவற்றுக்குத் தனியாக டிரைவரோ ஃபர்ம்வேரோ தேவைப்படும். 2023-ல் வந்த டெபியன் 12 முதல், இப்படிப்பட்ட மூடிய ஃபர்ம்வேர்களும் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரிலேயே வருகின்றன.

• நிறுவும் முன் பென் டிரைவிலிருந்து லினக்ஸை 'லைவ்' ஆக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, ஸ்லீப் எல்லாம் வேலை செய்கிறதா என்று அதிலேயே சோதிக்கலாம்.

• வைஃபை வரவில்லையா? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'டெதரிங்' போடுங்கள். டிரைவரை இறக்க அந்த இணைப்பு போதும்.

• பழைய லேப்டாப் வாங்குவதாக இருந்தால், ரேம் எவ்வளவு என்று கேட்கும்போதே வைஃபை சிப் யாருடையது என்றும் கேளுங்கள்.

• ஊருக்குக் கொடுத்து அனுப்பும் முன் எல்லா அப்டேட்களையும் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, வைஃபை திரும்ப வருகிறதா என்று பாருங்கள். கெர்னல் மாறியதும் டிரைவர் நின்றுபோகும் பழைய பிரச்சினை இன்னும் முழுசாகத் தீரவில்லை. புத்தூரில் இருக்கும் தம்பியிடம் போனில் ஒவ்வொரு கட்டளையாகச் சொல்வதைவிட இந்தப் பத்து நிமிஷ வேலை சுலபம்.