கன்று நட்டால் போதாது, பிழைக்க வேண்டும்

கோலா கெத்தில் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாற்றுப்பண்ணை புதிதல்ல. பால்மரக் கொட்டையை மணல் பாத்தியில் முளைக்க வைத்து, கறுப்புப் பைக்கு மாற்றி, ஒட்டுக் கட்டிய கைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அந்தக் கைப்பழக்கம் செம்பனை வந்த பிறகு வேலையில்லாமல் கிடக்கிறது என்பதுதான் வருத்தம்.

கென்யாவில் 1977-ஆம் ஆண்டு வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமை வளைய இயக்கம் இப்படிப்பட்ட கைகளை நம்பித்தான் நடந்தது. மண் அரித்து, ஓடைகள் வற்றி, விறகுக்கே அலைந்த கிராமத்துப் பெண்களிடம் கன்று வளர்க்கச் சொன்னார் அவர். படிக்காத பெண்களால் முடியாது என்று வனத்துறையினர் நினைத்தார்கள். அவர்களோ உடைந்த பானையிலும் பழைய டின்னிலும் வளர்த்துக் காட்டினார்கள். கன்றுக்கு நான்கு அமெரிக்க சென் கூலி. அதுவும் நட்ட கன்று பிழைத்தால் மட்டுமே. 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, இயக்கம் நட்ட மரங்கள் சுமார் 3 கோடி.

தமிழ்நாடும் இதே வழிக்கு வந்திருக்கிறது. 2021-22-இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தின் கீழ், தேக்கு, மகாகனி, மலைவேம்பு, புங்கம் போன்ற கன்றுகள் விவசாயிகளுக்கு இலவசமாகத் தரப்படுகின்றன. பிழைத்து நிற்கும் கன்றுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் கடலையும் சோளமும் போய்விடும். வரப்பில் நிற்கும் மரம் போகாது. காற்றைத் தடுக்கும், தழை ஆட்டுக்கு ஆகும், பெண்ணின் கல்யாணத்துக்கோ பிள்ளையின் படிப்புக்கோ வெட்டி விற்கலாம்.

பண்ணை ஊரிலேயே ஏன் இருக்க வேண்டும்? வேப்பங்கொட்டை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். பக்கத்தில் பொறுக்கி உடனே விதைப்பதே நல்லது. அதோடு, பையில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர் அடியில் சுருண்டுகொள்ளும்; நட்ட பின் மரம் தேறாது. நடுவதற்கு முன் சில வாரம் நிழலையும் தண்ணீரையும் குறைத்து வெயிலுக்குப் பழக்க வேண்டும். இதையெல்லாம் தினமும் பார்க்கிற ஆள் பக்கத்தில் இருந்தால்தான் முடியும்.

நமக்கு இது ஏன் என்று கேட்கலாம். கோலா கெத்தில் இருப்பது பாலிங் மாவட்டத்தில். 2022 ஜூலை 4-ஆம் தேதி இதே மாவட்டத்தின் கூப்பாங்கில் இனாஸ் மலையிலிருந்து மரக்கட்டைகளோடு இறங்கிய வெள்ளம் மூவரைக் கொண்டுபோனது. அரசாங்கமும் 2021 முதல் 2025 வரை 10 கோடி மரம் நடும் இயக்கத்தை நடத்தியது. ஒரு நாள் விழாவில் நட்டுப் படம் எடுத்த கன்றுகளில் எத்தனை ஜனவரி, பிப்ரவரி வெயிலைத் தாண்டின என்று அந்தந்த இடத்தில் போய் எண்ணிப் பார்ப்பது நல்லது.

தமிழ்ப்பள்ளி, கோயில், இளைஞர் மன்றம் எதுவானாலும் தண்ணீர்க் குழாயும் கறுப்பு வலையும் இருந்தால் சில நூறு பைகளில் தொடங்கிவிடலாம். ஆற்றங்கரையில் நடுவதாக இருந்தால் முதலில் மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். டுரியான், செம்படாக் கொட்டைகளைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. சாப்பிட்ட சில நாளில் ஊன்ற வேண்டும். ஜூன், ஜூலை பழக்காலத்தில் ஊன்றினால், அடுத்த ஏப்ரல் மழைக்குக் கன்று தயாராக இருக்கும்.