கான்ஃபிகர் உங்கள் கணினியை எப்படி அடையாளம் காண்கிறது?

லினக்ஸில் மென்பொருளை மூல நிரலிலிருந்து நிறுவும்போது முதலில் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டுவோம். விறுவிறுவென்று ஓடும் வரிகளுக்கிடையே 'எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-குனு' என்பது போல ஒரு பெயர் வரும். எந்த வகைக் கணினிக்கு நிரலைக் கட்ட வேண்டும் என்பதை அந்தப் பெயர்தான் சொல்கிறது.

இதைக் கண்டறிவது கான்ஃபிக்.கெஸ் என்ற ஷெல் ஸ்கிரிப்ட். பிராசசர் எது, இயங்குதளம் எது என்று யூநேம் கட்டளையிடம் கேட்டு, விடையைத் தன்னிடமுள்ள நீண்ட பட்டியலோடு ஒப்பிடுகிறது. யூநேமை மட்டும் நம்பினால் ஏமாறலாம். 64 பிட் கெர்னல் மேல் 32 பிட் நிரல்கள் மட்டுமே ஓடும் கணினிகள் உண்டு. அங்கும் அது கெர்னலைப் பற்றித்தான் சொல்லும். அதனால் இந்த ஸ்கிரிப்டின் இன்றைய பதிப்புகள் லினக்ஸில் சில வரி சி நிரலைக் கம்பைலரிடமும் கொடுத்துச் சரிபார்க்கின்றன. கணினியில் இருப்பது குனு சி நூலகமா, வேறொன்றா என்பதும் அப்படித்தான் தெரிகிறது.

இதன் துணைக் கோப்பு கான்ஃபிக்.சப். 'ஏஎம்டி64-லினக்ஸ்' என்று நாம் சுருக்கமாகச் சொன்னால் அதை முழுப்பெயராக்கித் தரும்.

இரண்டுமே மென்பொருள் தொகுப்புக்குள்ளேயே வருபவை. தொகுப்பு வெளியான நாளோடு அவற்றின் பட்டியலும் நின்றுவிடும். 64 பிட் ஆர்ம் 2011இல்தான் அறிவிக்கப்பட்டது. 2005இல் வெளியான தொகுப்புக்கு அது தெரிய வழியில்லை. 'கணினி வகையை ஊகிக்க முடியவில்லை, நீங்களே குறிப்பிடுங்கள்' என்று பிழை காட்டி நின்றுவிடும். சரியென்று --பில்ட் கொடுத்துக் குறிப்பிட்டாலும் பழைய கான்ஃபிக்.சப் அந்தப் பெயரை ஏற்காது. இந்த இடத்தில்தான் பலர், மென்பொருள் தங்கள் கணினிக்கு ஒத்துவராது என்று கைவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சி நிரல் பெரும்பாலும் நன்றாகவே கம்பைல் ஆகும் என்பதால் எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

தீர்வு எளிது. குனு திட்டம் பராமரிக்கும் புதிய பதிப்புகளை எடுத்து இரண்டு கோப்புகளையும் சேர்த்தே மாற்றுங்கள். சில தொகுப்புகளில் அவை உட்கோப்புறைகளிலும் இருக்கும். ஃபைண்ட் போட்டுத் தேடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். டெபியனில் தொகுப்பைக் கட்டும்போது டெப்ஹெல்பர் கருவியே இதைச் செய்துவிடுகிறது.

மடிக்கணினியில் உட்கார்ந்து ராஸ்பெர்ரி பைக்காகக் கம்பைல் செய்பவருக்கு ஊகம் மட்டும் போதாது. --ஹோஸ்ட் மூலம் பெயரைத் தர வேண்டும். ஹோஸ்ட் என்பது நிரல் கடைசியில் ஓடப்போகும் கணினி. கம்பைல் நடக்கும் மடிக்கணினி பில்ட்.